பாளையங்கோட்டையில் மாற்றிய சைலன்சர்களின் சத்தத்தைக் கட்டுப்படுத்தக் கோரும் மனு

அனுப்புநர்
பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட், முருகன்குறிச்சி, சமாதானபுரம் பகுதிகளில் குடியிருக்கும் இருசக்கர வாகன உரிமையாளர்கள்
(பெயர், முகவரி, வண்டி எண், கையொப்பம் தனித்தாளில் உள்ளன)

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
கொக்கிரகுளம், திருநெல்வேலி.

பொருள்: இருசக்கர வாகனங்களில் கம்பெனி சைலன்சரைக் கழற்றிவிட்டு அதிக சத்தம் எழுப்பும் சைலன்சர்களைப் பொருத்துவது – மருத்துவமனை, பள்ளிகள் சூழ்ந்த பகுதியில் இதைக் கட்டுப்படுத்த நடவடிக்கை கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். இந்த மனுவில் கையெழுத்துப் போட்டிருக்கும் எல்லோரும் பைக் வைத்திருப்பவர்கள். இதை எழுதும் நான் 22 ஆண்டுகளாக வண்டி ஓட்டுகிறேன். முதலில் 100 சி.சி., இப்போது 350 சி.சி. ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் வண்டியை நிறுத்தி, செயினைத் துடைத்து எண்ணெய் விட்டு, டயரில் காற்றுப் பார்த்து, பிரேக் கேபிளைச் சரிசெய்வது எனக்கு வேலையாகத் தெரிந்ததே இல்லை. நல்ல நிலையில் இருக்கிற என்ஜின் சீராக ஓடும் சத்தம் எனக்கும் பிடிக்கும். அதனால் இந்த மனுவை, வண்டி என்றாலே பிடிக்காதவர்கள் எழுதியதாக நினைக்க வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் பகுதியைத் தாங்கள் அறிவீர்கள். ஹைகிரவுண்டில் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. தெற்கே நாலு மாவட்டத்து நோயாளிகள் வந்து படுக்கிற இடம். சுற்றிலும் பள்ளிகளும் கல்லூரிகளும். நூறாண்டு கடந்த பார்வையற்றோர் பள்ளியும் இந்தப் பாளையங்கோட்டையில்தான் இருக்கிறது. அந்தப் பள்ளியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

பார்வையில்லாத ஒரு பையன் சாலையைக் கடக்கும்போது காதைத்தான் நம்புகிறான். எந்தப் பக்கமிருந்து வண்டி வருகிறது, எவ்வளவு தூரத்தில் வருகிறது, பேருந்தா ஆட்டோவா என்பதையெல்லாம் சத்தத்தை வைத்தே கணக்குப் போடுகிறான். ஓரமாக நின்று கோலைத் தட்டி, தலையை லேசாகச் சாய்த்துக் கேட்டுவிட்டுக் காலெடுத்து வைப்பான். அந்த நேரம் பார்த்து ஒரு பைக் பட்டாசு வெடிப்பதுபோல் கடந்து போனால், அந்தச் சில நொடிகளுக்கு மற்ற வண்டிகளின் சத்தம் எல்லாம் அவனுக்கு அழிந்துபோகிறது. பின்னால் வருகிற பேட்டரி ஸ்கூட்டர் அவன் காதில் விழவே விழாது. காலெடுத்து வைத்த பையன் அப்படியே நின்று, பின்வாங்கி, மறுபடியும் காத்திருந்ததை நான் நேரில் பார்த்திருக்கிறேன். யாரோ ஒருவர் கையைப் பிடித்து அழைத்துப்போனார். நமக்கு எரிச்சலோடு போய்விடுகிற சத்தம் அவனுக்கு வழியையே மறைத்துவிடுகிறது.

இன்னொன்று என் வீட்டில் நடந்தது. என் தாயாருக்கு அறுவை சிகிச்சை முடிந்து ஆறு இரவுகள் மருத்துவமனையில் துணைக்கு இருந்தேன். வலி மருந்து வேலை செய்து அவர் கண்ணயர நள்ளிரவு ஆகிவிடும். ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் நடுவில் சாலையில் இரண்டு மூன்று பைக்குகள் போட்டி போட்டுக்கொண்டு போகும். அம்மா திடுக்கிட்டு எழுந்து தையல் போட்ட இடத்தைப் பிடித்துக்கொள்வார். பக்கத்துக் கட்டில் பாட்டி, "ஏதோ வெடிச்சிட்டுதா அய்யா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். ஆறு இரவில் நான்கு இரவு இப்படி.

இனி, பட்டறைகளில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். ஓட்டுகிறவன் என்ற முறையில் இது எனக்குத் தெரியும். கம்பெனி சைலன்சருக்குள் சிறு அறைகளும் துளையிட்ட குழாய்களும் இருக்கும். என்ஜினிலிருந்து பீறிட்டு வருகிற வாயு அவற்றில் விரிந்து, மோதி, வேகம் குறைந்து வெளியேறுவதால்தான் சத்தம் அடங்குகிறது. இதைக் கழற்றிவிட்டு 'பஞ்சாப்', 'இந்தூரி', 'ஷார்ட் பாட்டில்' என்று கடையில் பேர் சொல்லி விற்கிற குழாய்களை மாட்டுகிறார்கள். பலவற்றில் உள்ளே ஒரு நேர்க்குழாயும் கொஞ்சம் கண்ணாடிப் பஞ்சும் தவிர வேறெதுவும் இருக்காது. சிலவற்றில் வாய்ப்பகுதியில் 'டிபி கில்லர்' என்று சத்தத்தைக் குறைக்கிற ஒரு சின்னக் குழாய் செருகியிருக்கும். ஒரே ஒரு திருகைக் கழற்றினால் அது கையோடு வந்துவிடும். சோதனை இருக்கிறது என்று தெரிந்தால் மாட்டுவது, தாண்டியதும் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வது. இதுதான் நடக்கிறது.

அப்புறம் அந்தப் பட்டாசுச் சத்தம். ஓடுகிற வண்டியில் என்ஜினை நிறுத்தும் கில் சுவிட்சை அணைத்து மறுபடி போட்டால், எரியாத பெட்ரோல் ஆவி சூடான சைலன்சருக்குள் போய்த் தேங்கிப் படாரென்று வெடிக்கிறது. இதைத் தெரு முனையில் வேண்டுமென்றே செய்கிறார்கள்.

சத்தம் கூடினால் இழுவை கூடும் என்று தம்பிகள் பலர் உண்மையாகவே நம்புகிறார்கள். ஆனால் 2020 ஏப்ரல் முதல் விற்கப்படும் பி.எஸ். 6 (புகை மாசுக்கான வரம்பு) வண்டிகளில் பெட்ரோலை அளந்து விடுவது ஒரு மின்னணுக் கருவி. புகைபோக்கிக் குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் சொல்வதை வைத்துத்தான் அது கணக்குப் போடுகிறது. நச்சுவாயுவைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் அந்தக் குழாய்த் தொகுதியிலேயே இருக்கிறது. குழாயை மாற்றினால் கணக்குத் தப்பும், வண்டி திக்கும், மைலேஜ் குறையும், கன்வெர்ட்டர் இல்லாத புகை நேராகத் தெருவுக்கு வரும். நல்ல மெக்கானிக் அண்ணாச்சி எவரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார். ஓட்டுகிறவர் காதுக்கும் கேடு. 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் காது தாங்கும் என்பது செவித்திறன் வல்லுநர்கள் வைத்திருக்கும் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறையும்.

ஆனால் எல்லோரையும் ஒரே கூடையில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். சத்தம் போடுகிற வண்டி எல்லாம் வேண்டுமென்றே சத்தம் போடுவதில்லை. என் பழைய வண்டியின் சைலன்சர் அடியில் துருப்பிடித்து ஓட்டை விழுந்தது. குறைந்த தூரமே ஓடும் வண்டியில் குழாய்க்குள் நீர் தேங்கி உள்ளிருந்தே அரித்துவிடும். கம்பெனி சைலன்சருக்குச் சொன்ன விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு வேறொன்று கிடைக்கிறது என்று பட்டறையில் சொன்னார்கள். மாதக் கடைசி, சரி என்று மாட்டிக்கொண்டேன். நான்கு மாதம் அந்தச் சத்தத்தோடுதான் ஓட்டினேன். எதிர்வீட்டில் கைக்குழந்தை இருந்தது. நான் காலையில் வண்டியை எடுக்கும்போதெல்லாம் அது அழுகிற சத்தம் கேட்டும், அதற்கு நான்தான் காரணம் என்று உறைக்க எனக்கு அத்தனை நாள் ஆயிற்று. பிறகு பணம் சேர்த்துப் பழையபடி கம்பெனி சைலன்சரையே போட்டேன். ஆக, காய்கறி ஏற்றிக்கொண்டு போகிற பழைய வண்டியில், என்ஜினையும் சைலன்சரையும் இணைக்கும் பெண்ட் பைப்பின் கேஸ்கெட் (கசிவைத் தடுக்கும் வளையம்) போய்ச் சத்தம் வருவது வேறு; புது வண்டியில் நல்ல சைலன்சரைக் கழற்றி எறிவது வேறு. முதலாவது பழுது, அவருக்கு அவகாசம் வேண்டும்.

சட்டத்தில் குறை இல்லை. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 120 ஒவ்வொரு வண்டியிலும் சத்தத்தைக் குறைக்கும் சைலன்சர் இருக்க வேண்டும் என்கிறது. புது இருசக்கர வண்டிகளுக்கான உச்சவரம்பு, 80 சி.சி. வரை 75 டெசிபல், 175 சி.சி. வரை 77, அதற்கு மேல் 80. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி, மாற்றுகிற உரிமையாளருக்குப் பிரிவு 182ஏ(4)இல் 6 மாதம் வரை சிறை அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம், அல்லது இரண்டும். சத்த வரம்பை மீறி ஓட்டினால் பிரிவு 190(2)இல் ரூ.10,000 வரை அபராதமும், உரிமம் 3 மாதம் நிறுத்தப்படுவதும் உண்டு. ஒலி மாசு விதிகள் 2000இன்படி மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். அங்கே பகலில் 50 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 40 டெசிபல்தான் அளவு. அந்த அளவை 10 டெசிபலோ அதற்கு மேலோ தாண்டினால் யாரும் முறையிடலாம். முறையீட்டைக் கேட்கும் அதிகாரம் தங்களுக்கு உண்டு என்பதால்தான் தங்களிடம் வந்திருக்கிறோம்.

கைபேசிச் செயலியில் நாங்களே அளந்தும் பார்த்தோம். அது முறையான கருவி அல்ல என்பதால் அந்த எண்களை இங்கே எழுதவில்லை. முறையான கருவியோடு ஒரே ஒரு இரவு அதிகாரிகள் வந்து நின்றால் போதும்.

இனி எங்கள் கோரிக்கைகள்.

எல்லாவற்றுக்கும் முதலாக நாங்கள் கேட்பது புகைப் பரிசோதனை மையங்களைப் பற்றியது. பெட்ரோல் வண்டிக்கு அங்கே கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரோகார்பன் அளவுகளைப் பார்க்கிறார்கள். சத்தத்தைப் பார்ப்பதில்லை. அளக்கிற கம்பியைச் செருகுவதே சைலன்சரின் வாய்க்குள்தான். அது எந்த சைலன்சர் என்று மட்டும் யாரும் பார்ப்பதில்லை. புது வண்டிக்கு முதல் ஓராண்டு போக, மற்ற எல்லா வண்டியும் ஆண்டுக்கு ஒரு முறையாவது அங்கே வந்தாக வேண்டும். சான்றிதழுக்காக நம்பர் பிளேட்டைப் படம் எடுக்கிறார்கள். கூடவே சைலன்சர் பக்கத்தையும் ஒரு படம் எடுத்து, மாற்றியதாகத் தெரிந்தால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தகவல் அனுப்பும்படி இந்த மாவட்டத்து மையங்களுக்கு உத்தரவிடத் தாங்கள் ஏற்பாடு செய்ய வேண்டும். இதற்குப் புதுக் கருவி வேண்டாம், கூடுதல் ஆள் வேண்டாம். பதினைந்து ஆண்டு முடிந்து பதிவைப் புதுப்பிக்க வரும் வண்டிகளையும் மோட்டார் வாகன ஆய்வாளர்கள் இதே கண்ணோடு பார்க்க வேண்டும்.

அபராதத்தைத் தொடங்கும் முன் 30 நாள் அவகாசம் அறிவிக்க வேண்டும். கம்பெனி சைலன்சரைப் பலர் வீட்டுப் பரணில்தான் போட்டு வைத்திருக்கிறார்கள். அதைத் திரும்ப மாட்டிக்கொண்டு வந்தால் வழக்கு இல்லை என்று சொன்னால் பாதிப்பேர் தாங்களாகவே மாறிவிடுவார்கள் என்பது பட்டறை நண்பர்களோடு பேசியதில் எனக்கு உள்ள நம்பிக்கை. துருப்பிடித்த பழைய வண்டிக்காரர்களுக்கு இன்னும் கொஞ்ச நாள் கூடுதலாகக் கொடுக்கலாம்.

கடைகளையும் விட்டுவிடக் கூடாது. பதினெட்டு வயதுப் பையனைச் சாலையில் மடக்கி ரூ.10,000 எழுதுவதால், அந்தக் குழாயை விற்று, மாட்டி, டிபி கில்லரைக் கழற்றவும் சொல்லிக்கொடுத்தவருக்கு ஒரு ரூபாய் நட்டமும் இல்லை. மாநகராட்சி கொடுக்கும் தொழில் உரிமத்தில், சாலைக்கு ஆகாத சைலன்சரையும் பல ஓசைகள் எழுப்பும் ஹாரனையும் விற்பதோ பொருத்துவதோ கூடாது என்ற நிபந்தனையைச் சேர்க்கத் தாங்கள் பரிந்துரைக்க வேண்டும். மீறினால் உரிமம் ரத்து. கிராஷ் கார்டு, மொபைல் ஹோல்டர், சீட் கவர் என்று நியாயமான சாமான்கள் விற்கும் கடைகள் நம் ஊரில் நிறைய உண்டு. அவர்கள் பிழைப்புக்கு இதனால் கேடு வராது.

நான் மிகவும் கவலைப்பட்டு எழுதுவது அடுத்த கோரிக்கை. தயவுசெய்து இரவில் துரத்திப் பிடிக்க வேண்டாம். துரத்தினால் பையன்கள் வேகத்தைக் கூட்டுவார்கள். விழுந்தால் உயிர் போகும். அவர்களும் நம் ஊர்ப் பிள்ளைகள்தான். மருத்துவமனைச் சாலையில் இருக்கும் கேமராவில் வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு, மறுநாள் பகலில் வீட்டுக்கு நோட்டீஸ் அனுப்பி, வண்டியோடு வரச் சொல்லுங்கள். வயது குறைந்தவன் என்றால் பெற்றோரும் வரட்டும்.

மருத்துவமனை, பார்வையற்றோர் பள்ளி ஆகியவற்றின் சுற்றுச் சாலைகளில் அமைதி மண்டலப் பலகைகளைக் கண்ணில் படுகிற மாதிரி, இரவிலும் தெரியும்படி வைக்க வேண்டும். பார்வையற்றோர் பள்ளி முன்னால் மாணவர்கள் கடக்கும் இடத்தில் காலையும் மாலையும் ஒரு போக்குவரத்துக் காவலர் நிற்க வேண்டும். பலகைகளுக்கு நிதி வரும் வரை காத்திருக்க நேர்ந்தாலும், காவலரை நிறுத்துவதை இந்த வாரமே தொடங்கலாம்.

எங்கள் பங்காக, வ.உ.சி. மைதானம் அருகே ஏதேனும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இலவசப் பராமரிப்பு முகாம் நடத்த இரண்டு மெக்கானிக்குகள் சம்மதித்திருக்கிறார்கள். சைலன்சர் கேஸ்கெட் மாற்றுவது, சிறு ஓட்டைகளுக்கு வெல்டிங் வைப்பது, செயின், டேப்பெட் (என்ஜின் வால்வு இடைவெளி) சரிபார்ப்பது ஆகியவற்றைக் கூலி வாங்காமல் செய்து தருவார்கள். கேஸ்கெட் செலவை நாங்கள் பங்கிட்டுக்கொள்கிறோம். இடத்துக்கான அனுமதி மட்டும் தாங்கள் வாங்கித் தர வேண்டும். வட்டாரப் போக்குவரத்து அலுவலர் ஒருவரும் அங்கே வந்து எந்த சைலன்சர் சரி, எது தவறு என்று காட்டினால் நன்றாக இருக்கும்.

இம்மனுவின் மீது எடுக்கப்படும் நடவடிக்கையை, கையொப்பத் தாளில் முதலில் உள்ள முகவரிக்கு எழுத்து மூலம் தெரிவிக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்கள்
(கையொப்பங்கள் இணைப்பில்)

இடம்: பாளையங்கோட்டை

இணைப்பு: கையொப்பத் தாள்கள், மாணவர்கள் சாலையைக் கடக்கும் இடத்தின் புகைப்படங்கள், முகாம் நடத்தச் சம்மதித்த மெக்கானிக்குகளின் கடிதம்.