சோற்றிலும் அதே குளுக்கோஸ்தானே? பாடநூல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

உயிரியல் பாடநூல் எழுதும் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

பதினொன்றாம் வகுப்புக்கு உயிரியல் நடத்துகிறவள் நான். பூஞ்சைப் பாடம் வந்தால் வருடா வருடம் ஒரே இடத்தில் நின்றுவிடுகிறேன். செல் சுவர் கைட்டினால் ஆனது என்று எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுகிறீர்கள். தப்பில்லை. ஆனால் ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட்டின் சுவரில் கைட்டின் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான். பாதிக்கு மேல் பீட்டா குளுக்கான் என்ற குளுக்கோஸ் சங்கிலி. அந்தப் பெயரே எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாது.

போன வருடம் வகுப்பில் இதையும், நம் நோய் எதிர்ப்புச் செல்கள் இந்தக் குளுக்கானை வைத்துப் பூஞ்சையை அடையாளம் கண்டு சண்டைக்குப் போகின்றன என்பதையும் சொன்னபோது ஒரு பெண் கேட்டாள்: "டீச்சர், குளுக்கானும் குளுக்கோஸ்தானே? சோத்துலயும் அதானே இருக்கு? அப்போ நம்ம செல்லு ஏன் சோத்தைப் பார்த்துச் சண்டைக்குப் போகல?"

எந்தப் பயிற்சிப் பக்கத்திலும் இவ்வளவு நல்ல கேள்வியை நான் பார்த்ததில்லை. பதில் குளுக்கோஸ்களைக் கோக்கும் கொக்கியில் இருக்கிறது. சோற்று மாவுச்சத்தில் குளுக்கோஸ்களைக் கோத்திருப்பது பெரும்பாலும் ஆல்பா 1,4 பிணைப்பு. பூஞ்சைச் சுவரில் முக்கியமாக பீட்டா 1,3. இந்த பீட்டா 1,3 சங்கிலியை நம் உடல் செய்வதே இல்லை. ஆகவே அது தென்பட்டால் வெளியாள் வந்துவிட்டான் என்று அர்த்தம். மேக்ரோஃபேஜ், நியூட்ரோஃபில் போன்ற நோய் எதிர்ப்புச் செல்களின் மேல் இருக்கும் டெக்டின்-1 என்ற ஏற்பி பிடிப்பது அந்தச் சங்கிலியைத்தான். 2001இல் ஆக்ஸ்ஃபோர்டில் கார்டன் பிரௌனும் சியாமன் கார்டனும் இதைக் காட்டினார்கள்.

பூஞ்சை சும்மா இருக்குமா? நம் உடலில் தொற்றும் கேண்டிடா என்ற ஈஸ்ட், குளுக்கானுக்கு மேலே மேனன் என்ற வேறொரு சர்க்கரையைப் போர்த்திக்கொள்கிறது. (அதைப் பிடிக்க டெக்டின்-2 உண்டு; அது தனிக்கதை.) ஆனால் அரும்பு தாய்செல்லை விட்டுப் பிரியும் இடத்தில் ஒரு தழும்பு விழுகிறது. போர்வை விலகிய அந்த இடத்தில் டெக்டின்-1 வந்து ஒட்டுகிறது. ஈஸ்ட் அரும்புவதைப் பிள்ளைகள் நுண்ணோக்கியில் பார்க்கத்தானே செய்கிறார்கள்? அந்தப் படத்துக்குக் கீழே இரண்டு வரி போதும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது இன்னொன்று. கரைந்து மிதக்கும் குளுக்கான் துண்டு ஏற்பியில் ஒட்டினாலும் செல் சண்டையைத் தொடங்காது. பூஞ்சையின் உடம்பையே தொட்டால்தான் ஏற்பிகள் அங்கே நெருக்கமாகக் கூடுகின்றன. சமிக்ஞையை அடக்கிவைக்கும் சிடி45, சிடி148 புரதங்கள் அந்த இடத்திலிருந்து ஒதுங்குகின்றன. அப்புறம்தான் செல் பூஞ்சையை விழுங்குகிறது. வாசலில் ஆளே நிற்கிறானா, அவன் செருப்பு மட்டும் கிடக்கிறதா என்று செல்லுக்குத் தெரிந்துவிடுகிறது!

2021இல் கறுப்புப் பூஞ்சை எல்லார் வீட்டிலும் பேச்சாக இருந்தது. ரத்தத்தில் பீட்டா குளுக்கானை அளக்கும் பரிசோதனை கேண்டிடா, ஆஸ்பெர்ஜில்லஸ் தொற்றுகளைக் கண்டுபிடிக்க உதவும். கறுப்புப் பூஞ்சை நோயைத் தரும் மியூக்கர் வகைகளின் சுவரில் அந்தச் சர்க்கரை மிகக் குறைவு; பெரும்பாலும் பரிசோதனையில் சிக்காது. கைட்டின் என்று மட்டும் படித்த பிள்ளைக்கு இதை எங்கிருந்து தொடங்கிச் சொல்வது?

அடுத்த திருத்தத்தில் அரைப் பக்கம் கொடுங்கள். சரி, இடமில்லை என்றால் கால் பக்கம். கொடுத்துவிட்டு, 'டெக்டின்-1 பீட்டா குளுக்கானைப் பிடிப்பது காட்டப்பட்ட ஆண்டு எது?' என்று ஒரு மதிப்பெண் வினா மட்டும் தயவுசெய்து வைத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓர் உயிரியல் ஆசிரியை