திரையை விட்டுவிடு, பெடலைப் பார்

அன்புள்ள முரளி,

கடிதம் கிடைத்தது. மருத்துவர் ஓட்டத்தை நிறுத்தச் சொன்ன பிறகும் நீ சும்மா இருக்காமல், நின்றபடியே பெடல் மிதிக்கும் எலிப்டிகல் மெஷின் தேடுகிறாய் என்பது நல்ல சேதி. ஆனால் நீ எழுதியனுப்பிய மூன்று மாடல்களிலும் திரை எத்தனை அங்குலம், புரோகிராம் எத்தனை, ப்ளூடூத் உண்டா என்பதெல்லாம் இருக்கிறது. காலடி நீளம் எதிலும் இல்லை. முதலில் கேட்க வேண்டியதே அதுதான்.

கடையில் போய் நீயே அளந்துவிடலாம். ஒரு பெடல் முன்கோடியிலும் மற்றது பின்கோடியிலும் வரும்படி நிறுத்து. இரண்டு பெடல்களின் முன்விளிம்புகளுக்கும் இடையே டேப்பை நீளவாக்கில் பிடி. உன் 178 செ.மீ. உயரத்துக்கு 50 செ.மீ. பக்கம் வேண்டும். தங்கச்சி 155 செ.மீ. என்றால் 42 முதல் 45 போதும். ஒரே மெஷினில் இரண்டு பேரும் ஏறப்போகிறீர்கள், அங்கேதான் சிக்கல். நீளம் குறைந்தால் உனக்கு நடை குறுகி, மாடிப்படி ஏறுவது போல முழங்கால் மேலே மேலே வரும். அலுப்பாக இருக்கும், அவ்வளவுதான். நீளம் கூடிப்போனால் தங்கச்சிக்கு ஒவ்வொரு சுற்றின் கோடியிலும் இடுப்பு இழுபடும், குதிகால் தூக்கும். அதனால் விட்டுக்கொடுக்க வேண்டியவன் நீதான். 46 அல்லது 47 செ.மீ. எடு. நீளத்தை மாற்றிக்கொள்ளும் வசதி இருந்தால் இன்னும் நல்லது.

அடுத்தது இரண்டு பெடல்களுக்கும் நடுவே உள்ள இடைவெளி. நடக்கும்போது பாதங்கள் ஒன்றையொன்று உரசாத குறைதான். மெஷினில் அவை ஒரு சாண் விலகி நின்றால் கால் அகட்டியபடியே அரை மணி நேரம் போக வேண்டும். இடுப்பிலும் முழங்காலின் உள்பக்கத்திலும் வலி வர அது போதும். எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு நல்லது.

ஃப்ளைவீல், அதாவது மிதியைச் சீராக ஓட வைக்கும் உள்சக்கரம், அதன் எடையைக் கேட்டிருந்தாய். 4 கிலோவை விட 8 கிலோ மேல் என்பது பொதுவாகச் சரி. ஆனாலும் அந்த எண்ணை அப்படியே நம்பாதே. சுழலும் சக்கரத்தில் சேரும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. பெல்ட்டும் கப்பியும் சேர்ந்து சின்னச் சக்கரத்தை இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றினால் நான்கு மடங்கு ஆற்றல். கால்தான் சரியான தராசு. எதிர்ப்பை, அதாவது மிதிக்கும்போது தெரியும் இறுக்கத்தை, ஆகக் குறைந்த படிக்குக் குறைத்து, மெதுவாக மிதி. சுற்றின் ஏதாவது ஓர் இடத்தில் பெடல் தயங்கி, பிறகு வெடுக்கென்று தள்ளினால் அதை விட்டுவிடு.

எதிர்ப்புக்குக் காந்தம் வைத்ததையே எடு. காந்தம் சக்கரத்தைத் தொடுவதில்லை, தேய ஒன்றுமில்லை. பட்டை உரசும் பழைய வகை தேயும், சத்தம் போடும். குமிழைத் திருகி மாற்றுவதில் உள்ளே ஒரு கேபிள்தான் காந்தத்தை நகர்த்துகிறது. எளிமை, பழுதும் குறைவு. 8 படியா 16 படியா என்று மண்டையை உடைத்துக்கொள்ளாதே. ஒரு மெஷினின் 8 இன்னொன்றின் 5 ஆக இருக்கலாம். திரை காட்டும் கலோரியும் அந்த லட்சணம்தான், பெரும்பாலும் கூட்டியே காட்டும்.

உயரக் கணக்கைப் போட்டுவிட்டாயா? பெடல் மேலே வரும்போது தரையிலிருந்து 40 செ.மீ. என்றால், உன் உயரத்தோடு சேர்த்து 218, தலைக்கு மேல் ஒரு 15. ஆக 233 செ.மீ. மின்விசிறிக்கு அடியில் போடுவதாக இருந்தால் யோசித்துக்கொள். ஏறி இறங்கும் பக்கம் குறைந்தது 60 செ.மீ. காலியாக இருக்கட்டும். தாங்கும் எடை உன் எடையை விட 20 கிலோவாவது கூடுதலாக இருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் எல்லா போல்ட்டையும் கையால் மட்டும் முடுக்கு. சட்டம் முழுக்கக் கோர்த்து, தரையில் ஆடாமல் அடிக்கால்களைச் சரிசெய்த பிறகுதான் ஸ்பேனர். இடது பக்கச் சில போல்ட்டுகளுக்கு மரை எதிர்த்திசையில் இருக்கலாம். இடது, வலது குறியைப் பார்க்காமல் பலத்தைக் காட்டினால் மரை போய்விடும். முதல் பத்து மணி நேர ஓட்டம் முடிந்ததும் கிராங்க் (பெடல் சட்டத்தை நடு அச்சோடு சேர்க்கும் கை) போல்ட்டை மறுபடி முடுக்கு. அது தளர்ந்தபடியே மிதித்தால் கிராங்கின் துளை தேய்ந்து அகலும். பிறகு எவ்வளவு முடுக்கினாலும் நிற்காது, கிராங்கையே மாற்ற வேண்டும்.

சத்தம் வந்தால் எண்ணிப் பார். ஒரு சுற்றுக்கு ஒரு ‘டக்’ என்றால் கிராங்க் அல்லது பெடல் மூட்டு. சுற்றுக்குப் பல தடவை கரகரவென்றால் ஃப்ளைவீல் பேரிங். உருளைகள் தண்டவாளத்தில் ஓடும் வகையில் தடதடப்பு கேட்டால் பெரும்பாலும் தூசிதான், ஈரத்துணியால் துடைத்தால் போகும். கீச்சிடும் மூட்டுக்குக் கிரீஸ் வை. துருவுக்கு அடிக்கிற ஸ்ப்ரே வேண்டாம், இருக்கிற கிரீஸையும் கரைத்துவிடும். திரையில் வேகம் வராவிட்டால் சக்கரத்தருகே உள்ள சென்சாருக்கும், வேகத்தை அளக்க வைத்த சின்னக் காந்தத்துக்கும் இடையே சில மில்லிமீட்டர்தான் இருக்கிறதா என்று பார். விலகியிருக்கும், அல்லது ஒயர் கழன்றிருக்கும்.

பாதம் மரத்துப்போகிறது என்று பலரும் சொல்வார்கள். எடை முழுதும் முன்பாதத்திலேயே நிற்பதுதான் காரணம். ஷூ நாடாவைத் தளர்த்தி, குதிகாலை அழுத்தி மிதித்தால் பெரும்பாலும் சரியாகும். முதல் வாரம் பத்து நிமிடம் போதும், மூச்சு வாங்கினாலும் பேச முடிகிற வேகத்தில். மருத்துவரிடம் முழங்காலைப் பற்றி ஒன்று மட்டும் கேட்டு வை: பின்னோக்கி மிதிக்கலாமா என்று. அப்போது தொடையின் முன்பக்கத்துக்கு வேலை கூடும்.

கடைக்கு உன் ஷூவையே போட்டுக்கொண்டு போ, தங்கச்சியையும் கூட்டிப் போ. இருவரும் ஆளுக்குக் கால் மணி நேரம் ஏறிப் பார்த்துவிட்டு, மூன்று மாடல்களின் காலடி நீளத்தையும் பெடல் இடைவெளியையும் எழுது.

அன்புடன்,
ரகு