அண்ணனுக்கு, ஐம்பது ரூபிள் தாள் குறித்து

அன்புள்ள அண்ணனுக்கு,

2022 ஆகஸ்டில் சோவியத் ஒன்றியத்தின் கடைசித் தலைவர் கோர்பச்சோவ் இறந்த செய்தி வந்த காலையில் நீங்கள் மூன்று முறை அழைத்தீர்கள். கூட்டத்தில் இருந்ததாக நான் பிறகு அனுப்பிய செய்தி பொய். கைப்பேசியைப் பார்த்தபடி வீட்டில்தான் உட்கார்ந்திருந்தேன். அன்றே பேசியிருந்தால் இந்தக் கடிதத்தை இப்படிப் பலர் பார்க்க எழுத வேண்டியிருந்திருக்காது. ஆனால் சென்ற வாரம் உங்கள் பக்கத்தில் வந்த கட்டுரையில், சோவியத் ஒன்றியம் வாயை (பேச்சுச் சுதந்திரத்தை) திறந்துவிட்டு வயிற்றை (பொருளாதாரத்தை) மறந்ததால் அழிந்தது, சீனம் வயிற்றை முதலில் கவனித்ததால் பிழைத்தது என்று முடிவு கட்டிவிட்டு, 'இதையெல்லாம் நம்பி ஏமாந்த தம்பி ஒருவன் எனக்கு இருந்தான்' என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தம்பி யார் என்று நம்முடன் படித்த அத்தனை பேருக்கும் தெரியும். எனவே பதிலும் அவர்கள் கண்ணெதிரே இருக்கட்டும்.

உங்கள் வாதத்தில் பாதி சரி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோர்பச்சோவின் சீர்திருத்தம் விலையைத் தொட அஞ்சியது. 1962 ஜூனில் இறைச்சி, வெண்ணெய் விலையை உயர்த்தியதும் தென் ரஷ்யாவின் நோவோசெர்காஸ்க் நகரத் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். அவர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடத்தி, இருபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்று, அச்செய்தியையே பல்லாண்டுகள் மூடி வைத்த ஆட்சி, அதன் பிறகு இறைச்சி விலைப் பலகையைத் தொடத் துணியாமல் மானியத்தைக் கொட்டியே காலம் தள்ளியது. 1988-இல் நடைமுறைக்கு வந்த தொழில் நிறுவனச் சட்டம் ஆலை நிர்வாகிகளுக்குச் சம்பளத்தை உயர்த்தும் சுதந்திரத்தைக் கொடுத்தது. பொருளின் விலையோ அரசின் பிடியிலேயே இருந்தது. எண்ணெய் விலை 1986-இல் சரிந்திருந்தது. மது ஒழிப்பால் வோட்கா வருவாயும் போய், கள்ளச் சாராயம் காய்ச்சுபவர்கள் அள்ளிச் சென்றதில் கடைகளில் சர்க்கரையும் இல்லாமல் போனது. மக்கள் கையில் பணம் சேர்ந்துகொண்டே இருந்தது. கடையில் அதற்கு வாங்கப் பொருள் இல்லை. இதை விளக்க உங்களுக்கு ஒரு பத்தி போதுமாயிருந்திருக்கும். அதற்குப் பதிலாக வாய், வயிறு என்று உவமை சொல்லிக் கைதட்டல் வாங்கிவிட்டீர்கள்.

அந்தப் பணத்தைத்தான் 1991 ஜனவரி 22 இரவு பிரதமர் பாவ்லோவின் அரசு பிடுங்கியது. ஒன்பது மணிச் செய்தியில் அறிவிப்பு வந்தபோது வங்கிகள் மூடியிருந்தன. ஐம்பது, நூறு ரூபிள் பழைய தாள்கள் நள்ளிரவு முதல் செல்லாது, மாற்றிக்கொள்ள மூன்றே நாள், அதிலும் ஒருவருக்கு ஆயிரம் ரூபிளுக்கு மேல் இல்லை, ஓய்வூதியக்காரருக்கு இன்னும் குறைவு. கையிலிருந்த பெரிய நோட்டைச் சில்லறையாக்க ஊரே மெட்ரோவுக்கும் ரயில் நிலையத்துக்கும் ஓடியது. நாம் மாணவர்களாகத் தங்கியிருந்த விடுதி மாடியில் இரவுக் காவலுக்கு இருந்த பாட்டி ஓடவில்லை. தேயிலை டப்பா ஒன்றை எடுத்துக்கொண்டு நம் அறைக்கு வந்தார். (அவர் பெயரை இங்கே எழுத மாட்டேன், நீங்களும் பின்னூட்டத்தில் எழுதிவிட வேண்டாம். அவருடைய பேரப்பிள்ளைகள் அங்கேதான் இருக்கிறார்கள், காலம் சரியில்லை.) பச்சை நிறத்தில் லெனின் முகம் போட்ட அந்த ஐம்பது ரூபிள் தாள்கள், டப்பாவுக்குள் அடங்குவதற்காகச் சுருட்டப்பட்டு, பிரித்து மேசைமேல் வைத்தபோதும் தாமாகவே சுருண்டுகொண்டதும், அவற்றின்மேல் ஏறியிருந்த தேயிலை வாசனையும் எனக்கு அப்படியே நினைவிருக்கின்றன. தம் ஈமச் செலவுக்கு என்று சேர்த்த பணம். அவர் பெயரில் மாற்றக்கூடியது போக எஞ்சியதில் நான்கு தாள் உங்களிடமும் நான்கு தாள் என்னிடமும், நம் பெயரில் மாற்றித் தரும்படி கொடுத்தார்.

இதுவரை உங்களுக்குத் தெரியும். இனிமேல் உள்ளது தெரியாது.

வெளிநாட்டு மாணவர்களுக்கு மாற்றுவதை நிறுத்திவிட்டார்கள் என்றும், காசாளர் சன்னலைச் சாத்திவிட்டார் என்றும் நான் மூன்றாம் நாள் வந்து சொன்னது நடக்கவில்லை. சன்னல் திறந்தேதான் இருந்தது. ஜெனித் கேமரா வாங்கச் சேர்த்து வைத்திருந்த என் சொந்தத் தாள்களை முதலில் நீட்டினேன். என் பெயருக்குரிய அளவு அதோடு தீர்ந்தது. பாட்டியின் நான்கு தாள்களையும் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு திரும்பினேன். அவர் அவற்றை வாங்கி மறுபடியும் சுருட்டி டப்பாவில் போட்டு மூடினார். ஒரு சொல்கூடச் சொல்லவில்லை.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. உழைக்காமல் சேர்த்த பணத்தையும் வெளிநாட்டிலிருந்து வந்த கள்ளப் பணத்தையும் ஒழிக்கவே இந்த நடவடிக்கை என்று அரசு சொன்னதை நான் நம்பினேன்; சீர்திருத்தத்துக்குக் கசப்பு மருந்து வேண்டும் என்று உங்களிடமே வாதாடினேன். மருந்தைப் பாட்டி குடித்தார், கேமரா எனக்குக் கிடைத்தது. மன்னித்துவிடுங்கள் என்று எழுதத் தொடங்கினால், உங்கள் கைக்கு அவ்வளவு நூறு ரூபிள் தாள்கள் எப்படி வந்தன, விடுமுறைதோறும் சிங்கப்பூரிலிருந்து எதைக் கொண்டுவந்து யாரிடம் விற்றீர்கள் என்பவையும் பேனா முனைக்கு வந்து நிற்கின்றன. இது பொது இடம் என்பதால் அந்தப் பேச்சை இத்துடன் விடுகிறேன். ஆனால் உங்கள் பணம் அவ்வளவும் கரிந்துபோகும் நிலையிலும் உங்கள் பங்கில் அவருடைய நான்கு தாள்களை முதலில் மாற்றிக் கொடுத்தீர்கள். அதை நீங்கள் எந்தக் கட்டுரையிலும் எழுதியதில்லை. அந்த மௌனம்தான் இத்தனை ஆண்டுகளாக எனக்கு உங்கள்மீது எரிச்சலாக இருந்திருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது.

இனி வாய், வயிறு. 1989 மே 25 அன்று தொடங்கிய மக்கள் பிரதிநிதிகள் காங்கிரசில், இயற்பியலாளரும் மனித உரிமைப் போராளியுமான சாகரவ் மேடையில் பேசப் பேச ஒரு பகுதியினர் கூச்சலிட்டதை நாட்டுக்கே நேரலையில் காட்டியபோது, அதே பாட்டி கைக்கடக்கமான வானொலியைக் காதோடு அணைத்துக்கொண்டு, அடுப்பில் கெண்டி நீர் வற்றிக் கரிந்தது தெரியாமல் உட்கார்ந்திருந்தார். அவருக்கு சாசேஜும் வேண்டும், சாகரவும் வேண்டும். அந்த ஜூலையில் சைபீரியாவின் குஸ்பாஸ் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் குளிக்க சோப்பு இல்லை என்றுதான் வேலை நிறுத்தத்தில் இறங்கினார்கள். வேலை நிறுத்தம் வடக்கே இன்னொரு சுரங்க நகரமான வொர்குத்தாவுக்குப் பரவியபோது, கட்சிக்கு ஏகபோகம் தந்த அரசியலமைப்பின் ஆறாவது பிரிவை நீக்கு என்ற கோரிக்கையும் சேர்ந்துவிட்டிருந்தது. சோப்பையும் ஆறாவது பிரிவையும் அவர்கள் வரிசைப்படுத்திக் கேட்கவில்லை.

வாய்ப்பே இருக்கவில்லை என்பதை நான் ஏற்கமாட்டேன். 1990 இலையுதிர் காலத்தில் பொருளாதார வல்லுநர்கள் ஷத்தாலின், யாவ்லின்ஸ்கி குழுவின், சந்தைப் பொருளாதாரத்துக்கு மாறுவதற்கான ஐந்நூறு நாள் திட்டம் மேசைமேல் இருந்தது. கோர்பச்சோவ் முதலில் அதன் பக்கம் சாய்ந்தார், பிறகு அப்போதைய பிரதமர் ரிஷ்கோவின் அரசுத் திட்டத்தோடு சேர்த்துக் கலக்கி இரண்டையும் கெடுத்தார். அது பலித்திருக்குமா என்பது வேறு கேள்வி. ஆனால் மூன்று மாதம் கழித்து அதே அரசு இரவு ஒன்பது மணிக்குப் பாட்டியின் டப்பாவுக்குள் கைவிட்ட பிறகு, எந்தத் திட்டத்தையும் யாரும் நம்பப் போவதில்லை. ஏப்ரலில் கடை விலைகளை ஏற்றியபோது, அது அவசியம் என்று சொல்ல எனக்கே நா எழவில்லை.

சீனத்தைப் பற்றி ஒன்றே ஒன்று. தலைவர் டெங் சியாவோபிங் சீர்திருத்தத்தைத் தொடங்கிய 1978-இல் அங்கே பெரும்பான்மையினர் உழவர்கள், நிலத்தைக் குடும்பத்திடம் விட்டதும் விளைச்சல் பெருகியது. சோவியத் கூட்டுப்பண்ணைகளில் அப்படிப் பாயக் காத்திருந்த இளைஞர் கூட்டம் இல்லை. வயிறு நிறைந்ததும் சீனத்தில் வாயும் தானே திறக்கும் என்று நீங்கள் 1992-இல் எனக்குக் கடிதம் எழுதினீர்கள். 2018 மார்ச்சில் அதிபருக்கு இரண்டு தவணை என்ற வரம்பை நீக்கியபோது அந்நாட்டு மக்கள் காங்கிரசில் எதிர்த்து விழுந்தவை இரண்டே வாக்குகள். அதற்கு உங்கள் கட்டுரையில் ஒரு வரி ஒதுக்கியிருக்கலாம்.

1992 ஜனவரியில் ரஷ்யாவில் விலைக் கட்டுப்பாட்டை அவிழ்த்துவிட்ட பின், அந்த ஓராண்டிலேயே விலைவாசி இருபத்தைந்து மடங்குக்கு மேல் ஏறியது. மாற்றிய பணம், மாற்றாத பணம் எல்லாம் ஒன்றாயிற்று. எப்படியும் போயிருக்கும் என்று எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன். ஆனால் 1991 பிப்ரவரியில் அந்தப் பாட்டி குளிர்காலக் காலணி ஒன்று வாங்கினார். உங்கள் நான்கு தாளில் வாங்கியது.

கட்டுரையில் என்னைப் பற்றிய வரியை நீக்க வேண்டாம், அண்ணா. 'ஏமாந்த' என்ற சொல்லை மட்டும் திருத்திவிடுங்கள்.

உங்கள்
தம்பி