முன்பணம் கட்டுவதற்கு முன் ஒரு டார்ச் லைட்: மரப்பட்டறை உரிமையாளர் சங்கத்துக்குத் திறந்த மடல்

காரைக்குடி வட்டார மரப்பட்டறை உரிமையாளர்களான தலைவர், செயலாளர், உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம்.

போன கூட்டத்தில் நல்ல காரியம் ஒன்று பேசினோம். மரத்தூளை இழுத்துப் பையில் பிடிக்கிற டஸ்ட் கலெக்டர் மிஷினைப் பட்டறைக்கு ஒன்றாக வாங்குவது, எல்லோருக்கும் சேர்த்து ஆர்டர் போட்டால் விலை குறையும், பொங்கலுக்குள் இறக்கிவிடலாம் என்று முடிவானது. கைதட்டியவர்களில் நானும் உண்டு. வீட்டுக்கு வந்து அந்த விலைப்பட்டியலை நிதானமாகப் படித்த பிறகுதான் மனசு சரியில்லாமல் போனது. மோட்டார் எத்தனை ஹெச்பி என்று போட்டிருக்கிறார்கள். பையின் நிறம்கூட இருக்கிறது. அந்தப் பை எத்தனை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை சன்னமான தூளைப் பிடிக்கும் என்பது இல்லை. குழாய் இல்லை, குழாயை அடைத்துத் திறக்கிற கேட் இல்லை, எர்த் பற்றி ஒரு வார்த்தை இல்லை. முன்பணம் கட்டுவதற்கு முன்னால் இந்த மடலைப் படித்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நான் இந்த மிஷினை ஒன்பது வருஷத்துக்கு முன்னால் வாங்கியவன். இரண்டு ஹெச்பி, இரண்டு பை: காற்றை வடிகட்ட மேலே ஒன்று, தூள் சேரக் கீழே ஒன்று. விற்றவர் ஒரு மூலையில் நிறுத்தி, முப்பது அடிக்குச் சுருள் ஹோஸைத் தரையில் போட்டு, இழைக்கிற பிளேனர், அறுக்கிற டேபிள் சா, பள்ளமும் விளிம்பும் செதுக்குகிற ரவுட்டர் மூன்றுக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டுப் போனார். தரை சுத்தமானது, எனக்கும் பெருமையாக இருந்தது. ஆனால் வாகை மரம் அறுக்கிற அன்றைக்குப் பையன்கள் தும்முவது மட்டும் நிற்கவில்லை. வாகைத்தூள் அப்படித்தான், பழகிவிடும் என்று நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் சாயங்காலம், தகரக் கூரையில் ஆணி பிடுங்கிய ஓட்டை வழியாக வெயில் ஒரு கோடாக விழுந்தது. அந்தக் கோடு மிஷினின் மேல்பையைத் தொட்டுக்கொண்டு போனது. பையைச் சுற்றி, யாரோ சாம்பிராணி போட்டதுபோலப் புகை எழும்பிக்கொண்டிருந்தது. புகையில்லை, தூள். துடைப்பத்தால் அள்ளக்கூடிய சீவலையெல்லாம் அந்த மிஷின் பிடித்து வைத்துக்கொண்டு, நம் நெஞ்சுக்குள் போகிற மாவை மட்டும் சல்லடையில் சலித்து ஆள்மட்டத்தில் தூவிக்கொண்டிருந்தது. நாலு வருஷம் அந்தப் பைக்குப் பக்கத்தில்தான் சாப்பாட்டுத் தூக்கை வைத்துக்கொண்டிருந்தோம்.

தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான். நுரையீரலின் ஆழம் வரை போகிற தூள் 10 மைக்ரானுக்கும் கீழே. சாதாரணத் துணிப்பை 30 மைக்ரான் அளவில்தான் பிடிக்கும். அதைவிடச் சன்னமானது வெளியே வந்து, மிஷினை நிறுத்திய பிறகும் மணிக்கணக்கில் காற்றில் நிற்கும். ஆகவே வியாபாரியிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி ஹெச்பி அல்ல, ஃபில்டர் எத்தனை மைக்ரான் என்பது. ஒரு மைக்ரானோ அதற்கும் கீழேயோ பிடிக்கிற மடிப்பு ஃபில்டர்கள் இருக்கின்றன. விலை கூடுதல்தான்.

அந்த விலை முடியாதென்றால், நமக்கு இன்னொரு வழி இருக்கிறது. குளிர் நாடுகளில் பட்டறையைச் சூடுபடுத்தி வைத்திருப்பார்கள். காற்றை வெளியே தள்ளினால் சூடும் போய்விடும், அதனால் வடிகட்டித் திரும்ப உள்ளேயே விடுகிறார்கள். செட்டிநாட்டு வெயிலில் நமக்கு அந்தக் கவலை எதற்கு? மிஷினையே சுவருக்கு வெளியே, ஒரு சாய்ப்புக்குக் கீழே வைத்துவிடலாம். மழை படக்கூடாது, பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்த்து இருக்கக்கூடாது, பட்டறைக்குள் காற்று வர எதிர்ப்பக்கம் ஒரு ஜன்னல் திறந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். நான் கடைசியில் செய்தது இதுதான். சத்தமும் பாதியாகக் குறைந்தது.

‘எங்கப்பா அறுபது வருஷம் இந்தத் தூளில்தான் இருந்தார்’ என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். என் அப்பாவும்தான். ஆனால் அவர் கையில் இருந்தது இழைப்புளி. அதிலிருந்து வந்தது சுருள் சுருளாகச் சீவல், அதை யாரும் மூச்சில் இழுக்க முடியாது. உப்புத்தாள் தேய்க்கிற வேலை கடைசி இரண்டு நாள்தான், அதுவும் திண்ணையில். இன்றைக்கு நம் பட்டறையில் ஓடுவது நிமிஷத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுற்றுகிற சாண்டர் (உப்புத்தாள் தேய்க்கிற மிஷின்), ரவுட்டர். அறுப்பது எம்டிஎஃப், மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை. அதன் தூளில் மரத்தோடு பசையும் சேர்ந்திருக்கிறது. அந்தப் பசையிலிருந்து வருகிற ஃபார்மால்டிஹைடைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான பட்டியலில் சேர்த்தது. மரத்தூள் அதற்கு முன்பே, 1995-இல் வெளியான அறிக்கையிலேயே அந்தப் பட்டியலுக்கு வந்துவிட்டது. இதைக் கண்டுபிடிக்கக் காரணமாக இருந்தவர்களும் நம்மைப் போன்றவர்கள்தான். இங்கிலாந்தில் ஹை விக்கம் என்று நாற்காலி வேலைக்குப் பேர்போன ஊர் உண்டு. 1960-களில் அங்கிருந்த காது மூக்கு தொண்டை மருத்துவர்கள், மூக்குக்குள் வருகிற அபூர்வமான ஒரு புற்றுநோய் திரும்பத் திரும்பப் பர்னிச்சர் தொழிலாளிகளுக்கே வருவதைக் கவனித்தார்கள். தச்சர்களுக்கு ஆஸ்துமா வரும் வாய்ப்பு மற்றத் தொழிலாளரைவிட நான்கு மடங்கு என்று இன்றைக்கும் பிரிட்டன் அரசின் தொழில் பாதுகாப்புத் துறை சொல்கிறது. பயமுறுத்த இதை எழுதவில்லை. ‘பழகிவிடும்’ என்று பையன்களிடம் நான் சொன்னது பொய் என்பதற்காக எழுதுகிறேன்.

இனி குழாய். பணம் மிச்சப்படுத்துகிறோம் என்று நாம் கெடுக்கிற இடம் இதுதான். சீவலும் தூளும் குழாய்க்குள் படியாமல் பறக்க வேண்டுமானால் காற்று நொடிக்கு சுமார் 20 மீட்டர் வேகத்தில் ஓட வேண்டும். நாலு அங்குலக் குழாயில் அந்த வேகத்துக்கு மணிக்கு 565 கன மீட்டர் காற்று தேவை. அதை இரண்டு அங்குலமாகக் குறைத்தால் வாய் பாதி ஆகவில்லை, கால்வாசி ஆகிவிட்டது. ‘ரெடியூசர் போட்டா இழுவை ஜாஸ்தியாகும்’ என்று எனக்குச் சொன்னார்கள். கையை வைத்துப் பார்த்தால் அப்படித்தான் தெரியும். ஆனால் வருகிற காற்றின் அளவு விழுந்துவிடும், பிளேனர் வாயில் சீவல் அடைத்துக்கொள்ளும். பட்டியலில் போட்டிருக்கிற காற்றளவும் குழாய் மாட்டாமல், புதுப்பையோடு அளந்ததாகத்தான் பெரும்பாலும் இருக்கும். அதை நம்பி மூன்று மிஷினை ஒரே நேரத்தில் ஓட்டாதீர்கள்.

சுருள் ஹோஸின் உள்வளையம் ஒவ்வொன்றும் காற்றைப் பிடித்து நிறுத்துகிறது. மிஷினுக்கு ஒட்டின கடைசி மூன்று நான்கு அடிக்கு மட்டும் அதை வைத்துக்கொண்டு, மற்றதை வழவழப்பான குழாயாகப் போடுங்கள். கழிவுநீருக்கு வாங்குகிற 110 மில்லிமீட்டர் பிவிசி குழாயே போதும், நம் ஊர் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். திருப்பத்தில் ஒரே எல்போவாக மடக்காமல், 45 டிகிரி இரண்டு வைத்து வளையுங்கள். குழாய் பிரிகிற இடத்தில் ‘T’ வடிவ இணைப்பு வேண்டாம், ‘Y’ வடிவம் போடுங்கள். ஓடாத மிஷினின் கேட்டை மூடுங்கள். இதைப் பையன்கள் மறப்பார்கள், நானும் மறக்கிறேன். கேட்டைக் கைக்கு எட்டுகிற உயரத்தில் வைத்தால் மறதி குறையும்.

டேபிள் சாவுக்குக் கீழே மட்டும் குழாய் கொடுத்தால் பாதி வேலைதான். பிளேடு மேலே வீசுகிற தூள் நேராக முகத்துக்கு வருகிறது. பிளேடு மேல்மூடியிலும் ஒரு வாய் வேண்டும். பல பட்டறைகளில் அந்த மூடியையே கழற்றி எறிந்துவிட்டார்கள். அது விரலுக்கும் காவல் என்பதை விரல் போனவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

கைச் சாண்டருக்கு இந்தப் பெரிய பை மிஷின் உதவாது. அதன் வாய் சின்னது, அதற்குக் காற்று குறைவாகவும் இழுவை அதிகமாகவும் இருக்கிற வேக்குவம் வகைதான் சரி. அதில் எல், எம், ஹெச் என்று மூன்று தரம் உண்டு. மரத்தூளுக்கு எம் தரம் கேளுங்கள். 99.9 விழுக்காடு தூளைப் பிடிக்க வேண்டும் என்பது அதன் அளவுகோல். நம் ஆர்டரில் இந்த வகை ஒன்றுகூட இல்லை. ஆனால் நம் பட்டறைகளில் மிக மோசமான தூள் சாண்டரிலிருந்துதான் வருகிறது. பத்து பை மிஷினுக்குப் பதில் ஏழு வாங்கி, மிச்சப் பணத்தில் வேக்குவம் வாங்கி மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது மேல் என்பது என் கருத்து.

கரண்ட் விஷயத்தை நம் எலக்ட்ரீஷியன்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். இரண்டு மட்டும் சொல்கிறேன். இரண்டு ஹெச்பி சிங்கிள் பேஸ் மோட்டார் ஓடும்போது 10 ஆம்பியர் பக்கம் எடுக்கும், கிளம்பும்போது அதைப்போல ஐந்தாறு மடங்கு எடுக்கும். அதை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகி, மேலே சீவல் கிடக்க விடுவது பட்டறையைக் கொளுத்துகிற வேலை. தனி லைன், தனி பிரேக்கர், ஒழுங்கான எர்த், கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, இவை இல்லாமல் இறக்க வேண்டாம்.

மற்றது த்ரீ பேஸ்காரர்களுக்கு. எங்கள் தெருவில் டிரான்ஸ்ஃபார்மர் வேலை நடந்த மறுநாள் என் மிஷின் இழுவை இழந்துவிட்டது. பையைத் தட்டினேன், குழாயைக் கழற்றினேன், இரண்டு நாள் வேலை போயிற்று. எலக்ட்ரீஷியன் வந்து மோட்டார் மேல் இருந்த அம்புக்குறியைக் காட்டிச் சிரித்தார். பேஸ் மாறி, விசிறி தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருந்தது. இந்த வகை விசிறி தலைகீழாகச் சுற்றினாலும் அதே பக்கம்தான் இழுக்கும், பலம்தான் போய்விடும். அதனால்தான் கண்டுபிடிப்பது கஷ்டம். இரண்டு ஒயரை மாற்றிக் கொடுத்தார், ஐந்து நிமிஷ வேலை.

தீயைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். வேறெந்த ஊரைவிடவும் நாம் பழைய மரம் அதிகம் அறுக்கிறோம். இடித்த வீட்டுப் பர்மா தேக்கு உத்திரம், பழம்பொருள் கடைகள் இருக்கிற முனீஸ்வரன் கோயில் தெருவிலிருந்து வருகிற கதவு நிலை எல்லாவற்றுக்குள்ளும் நூறு வருஷத்து ஆணி உறங்குகிறது. பிளேடு அதில் பட்டால் பொறி. முன்பெல்லாம் அந்தப் பொறி தரையில் விழுந்து அணையும். இப்போது நாம் அதை ஒரு நொடியில் தூள் நிறைந்த பைக்குள் கொண்டுபோய், காற்றும் ஊதிவிடுகிறோம். ஒருநாள் காலையில் வந்து பார்த்தபோது என் கீழ்ப்பையில் ரூபாய்க் காசு அளவுக்கு, ஓரம் கருகின ஓட்டை இருந்தது. இரவெல்லாம் உள்ளே கனன்றிருக்கிறது. என்ன புண்ணியமோ, தானாக அணைந்திருந்தது. அன்றிலிருந்து பழைய மரத்தை மெட்டல் டிடெக்டர் காட்டாமல் மிஷினில் ஏற்றுவதில்லை. பை ஒவ்வொரு சாயங்காலமும் காலியாகி, தூள் மூடி போட்ட தகர டிரம்மில் கட்டடத்துக்கு வெளியே போய்விடும். இரும்பு அறுக்கிற கிரைண்டரை இந்த மிஷினுக்குப் பக்கத்திலேயே விடுவதில்லை. ஆளி விதை எண்ணெய் துடைத்த துணியையும் அந்த டிரம்மில் போடக்கூடாது, அது தானாகவே சூடேறிப் பற்றும்.

பிவிசி குழாயில் நிலைமின்சாரம் சேர்ந்து வெடிக்கும் என்ற பேச்சு அடிக்கடி வருகிறது. குழாயோடு செம்புக் கம்பியைச் சுற்றி எர்த் கொடுங்கள், கையில் சுள்ளென்று அடிப்பதாவது குறையும். ஆனால் சின்னப் பட்டறையில் நான் பயப்படுவது ஆணிக்குத்தான். பெரிய ஆலைகளின் கதை வேறு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2012 ஜனவரியில் பர்ன்ஸ் லேக் ஊரிலும், ஏப்ரலில் பிரின்ஸ் ஜார்ஜ் ஊரிலும் மர ஆலைகள் மரத்தூளால் வெடித்தன. இரண்டு இடத்திலும் இரண்டிரண்டு பேர் செத்தார்கள், மொத்தம் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் காயப்பட்டார்கள். தூள் சும்மா கிடக்கும்போது எரியும், காற்றில் கலந்து நிற்கும்போது வெடிக்கும். அதனால் உத்திரத்தின் மேல் படிந்த தூளைக் கம்ப்ரஸர் காற்றால் ஊதாதீர்கள். வேலை முடிந்து சட்டையில் கம்ப்ரஸரை அடித்துக்கொள்கிற பழக்கத்தையும் விடுங்கள். நாள் முழுக்க மிஷின் பிடித்ததை ஒரு நிமிஷத்தில் மூக்குக்குத் திருப்பிக் கொடுக்கிறது அது. வேக்குவம் இல்லாதவர்கள், நம் ஆத்தாமார் வாசலுக்குச் செய்கிறதுபோலத் தண்ணீர் தெளித்துப் பெருக்கலாம்.

பை மாற்றுகிற வேலையை எல்லாப் பட்டறையிலும் கடைக்குட்டிப் பையனிடம்தான் கொடுக்கிறோம். துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு அவன் தட்டுவான். அந்த நாளிலேயே அதிகத் தூள் பறக்கிற ஐந்து நிமிஷம் அதுதான். துண்டு மாஸ்க் ஆகாது, என்95 வேண்டும், மோட்டார் பிளக்கைப் பிடுங்கி வைத்திருக்க வேண்டும். என் பட்டறையில் அதை நானே செய்கிறேன். நீங்களும் ஒரு வாரம் செய்து பாருங்கள், எத்தனை மைக்ரான் ஃபில்டர் வாங்குவது என்ற விவாதம் சீக்கிரம் முடிந்துவிடும்.

தூள் கிளம்புகிற இடத்துக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்திலேயே அதை இழுத்து வெளியேற்ற வேண்டும் என்று 1948-ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு எழுதி வைத்தது. பத்துப் பேருக்குக் குறைவு, நமக்கு அது பொருந்தாது என்று நம்மில் பலர் நிம்மதியாக இருந்தோம். இன்ஸ்பெக்டர் வராதது லாபம் என்று நானும் நினைத்தவன்தான்.

சங்கத்திடம் நான் கேட்பது இதுதான். முன்பணத்தை நிறுத்தி வையுங்கள். ஃபில்டரின் அளவை வியாபாரி எழுத்தில் தரட்டும். விலையில் பேசிக் குறைக்கிற பணத்தைக் கையில் வாங்காமல், குழாய்க்கும் வயரிங்குக்கும் ஒதுக்குங்கள். அதோடு ஒரு மிஷினை மட்டும் மாதிரிக்குக் கேளுங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஏழு மணிக்கு என் பட்டறையில் அதை மாட்டி, ஒரு வாகைப் பலகையை அறுப்போம். பிறகு விளக்கை அணைத்துவிட்டு, பைக்குப் பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பார்ப்போம். வியாபாரியும் வரட்டும், காபிக்கு நான் சொல்லி வைக்கிறேன்.

இப்படிக்கு,
உங்களில் ஒரு பட்டறைக்காரன்