கிருனாவின் மான் வழிக்காக: ஐரோப்பிய ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

ஐரோப்பிய ஆணையத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சுவீடனின் வட கோடியில், ஆர்க்டிக் வட்டத்துக்கும் மேலே இருக்கும் கிருனாவில், பெர் யேயர் என்ற தாதுப் படிவத்தை 2025 மார்ச்சில், விரைந்து அனுமதி பெறும் முன்னுரிமைத் திட்டங்களின் பட்டியலில் சேர்த்தீர்கள். பத்து லட்சம் டன்னுக்கு மேல் அரிய மண் உலோகங்களின் ஆக்சைடுகள் அங்கே இருப்பதாக எல்கேஏபி என்ற அரசுச் சுரங்க நிறுவனம் 2023 ஜனவரியில் அறிவித்தது. மின்வாகன மோட்டாருக்கும் காற்றாலைக்கும் இந்த உலோகங்கள் வேண்டும். நான் ஓட்டும் மின்சார ஸ்கூட்டருக்கும் வேண்டும். ஆனாலும் இந்த அவசரத்தை ஏற்க முடியவில்லை.

வட ஐரோப்பாவின் பழங்குடிகளான சாமி இன மக்களில், கப்னா என்ற மேய்ப்பர் சமூகத்தின் துருவமான்கள் கோடையில் மேற்கு மலைகளிலும் குளிர்காலத்தில் கிழக்குக் காடுகளிலும் மேய்கின்றன. இரண்டுக்கும் நடுவில் கிருனா. நூறாண்டு கடந்த பழைய சுரங்கமும் நகரமும் ரயில் பாதையும் விழுங்கியது போக, மிஞ்சியிருப்பது ஓர் ஒடுங்கிய வழி. புதிய சுரங்கம் அதையும் அடைத்துவிடும் என்கிறார்கள் மேய்ப்பர்கள்.

அந்த வழி போனால் என்ன என்று கேட்பவர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். குளிர்காலத்தில் இந்த மான்களின் முக்கிய உணவு, தரையில் பாசிபோலப் படர்ந்து வளரும் லைக்கன். பனிக்கு அடியில் கிடக்கும் அதை மோப்பம் பிடித்து, குளம்பால் தோண்டித் தின்னும். இப்போது நடுக்குளிரிலும் மழை பெய்கிறது. பெய்த நீர் உறைந்து தரைமேல் கெட்டிப் படலமாகிவிட்டால் குளம்பு இறங்காது. உணவு காலுக்கடியில் இருக்க, மான் பட்டினி கிடக்கும். அப்போது மேய்ப்பருக்கு இருக்கும் முக்கிய வழி, மந்தையை வேறு மேய்ச்சல் நிலத்துக்கு ஓட்டிப்போவது. வெப்பம் ஏற ஏற அவர்களுக்கு அதிக நிலமும் அதிக வழிகளும் தேவை. பருவநிலையைக் காக்கிறோம் என்று சொல்லியே அந்த வழியை அடைப்பது எந்த நியாயம்?

பழைய சுரங்கம் விரிவதால், 1912-இல் கட்டிய கிருனா தேவாலயத்தை, 672 டன் எடையோடு, 2025 ஆகஸ்டில் இரண்டே நாளில் ஐந்து கிலோமீட்டர் நகர்த்தினார்கள். மன்னரே வந்து பார்த்தார். அருமையான வேலை. ஆனால் சினைமான்கள் ஆண்டுதோறும் மலையேறிக் கன்று ஈனப் போகும் தடத்தை எந்த வண்டியில் ஏற்றி எங்கே இறக்குவீர்கள்?

முன்னுரிமை பெற்ற சுரங்கத்துக்கு 27 மாதங்களுக்குள் அனுமதி நடைமுறை முடிய வேண்டும் என்கிறது உங்கள் சட்டம். சாமி மக்கள் ஆண்டை எட்டுப் பருவங்களாகப் பிரித்து வாழ்பவர்கள். ஓராண்டு பனி மறு ஆண்டு பனியைப் போல இருப்பதில்லை. இந்தக் கெடுவுக்குள் பார்க்க முடிவது இரண்டே குளிர்காலம். அதை வைத்து ஒரு மந்தையின் வருங்காலத்தை முடிவு செய்யலாமா? பழங்குடிகளின் உரிமைகளுக்கான, சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 169-ஆம் உடன்படிக்கையை நார்வே 1990-இலேயே ஏற்றது. சுவீடன் இன்றுவரை ஏற்கவில்லை. ஆகவே உங்கள் பொறுப்பு கூடுகிறது.

கப்னா சமூகத்தின் முன்கூட்டிய, மனமொத்த சம்மதம் கிடைக்கும் வரை முன்னுரிமைத் தகுதியை நிறுத்திவையுங்கள். மான் வழி பற்றிய ஆய்வை மேய்ப்பர்களே தேர்ந்தெடுக்கும் நிபுணர்களிடம் ஒப்படைத்து, செலவை நிறுவனத்திடம் வாங்குங்கள். அவர்கள் வேண்டாம் என்று சொன்னால், அந்தப் பதிலுக்கும் உங்கள் நடைமுறையில் இடம் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் பதிலை எதிர்பார்க்கும் ஒரு தமிழ் வாசகர்