கிளவுட் லேபுக்கு ஒரு பெரிய பெட்டி வேண்டாம், நான்கு சிஸ்டம் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கல்லூரிகளில் அடுத்த கல்வியாண்டுக்கான கொள்முதல் பட்டியல் தயாராகும் நேரம் இது. கணினித் துறைகளின் பட்டியலில் இப்போதெல்லாம் தவறாமல் இருப்பது, கிளவுட் லேபுக்கு ஒரு ஸ்டோரேஜ் சர்வர். கோவில்பட்டிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் லேப் பொறுப்பில் இருப்பவன் என்ற முறையில் துறைத் தலைவர்களுக்கும் நிர்வாகங்களுக்கும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். ஒரே பெட்டியில் அந்தப் பணத்தைப் போடாதீர்கள். நான்கு சாதாரண சிஸ்டங்களை வாங்கி, மாணவர்களை வைத்தே ஒரு சிறு ஸ்டோரேஜ் கிளஸ்டர், அதாவது பல சிஸ்டங்கள் சேர்ந்து ஒரே சேமிப்பிடமாக இயங்கும் அமைப்பு, கட்டுங்கள்.

பெரிய பெட்டி வந்தால் என்ன நடக்கும் என்று எல்லா லேப்காரர்களுக்கும் தெரியும். கம்பெனி ஆள் வந்து பொருத்திவிட்டுப் போவார். பாஸ்வேர்டு ஒருவரிடம் இருக்கும். வாரன்டி போய்விடும் என்ற பயத்தில் யாரும் அதைத் தொட மாட்டார்கள். மாணவர்கள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்ப்பார்கள். அப்புறம் பாடத்தில் ‘பகிர்ந்த சேமிப்பு’ என்று வரும்போது, பல சிஸ்டங்களில் தரவைப் பிரித்து வைக்கும் ஹடூப் என்ற மென்பொருளை ஒரே சிஸ்டத்தில் நிறுவி, ஒரு கோப்பில் உள்ள சொற்களை எண்ணிக் காட்டி, ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். ஒரு சிஸ்டம் செத்தாலும் தரவு பிழைக்க வேண்டும் என்பதுதான் இந்தத் துறையின் உயிர். இருப்பதே ஒரு சிஸ்டம் என்றால் அதை எதை வைத்துச் சொல்லிக்கொடுப்பது?

நான் பரிந்துரைப்பது, பல சிஸ்டங்களின் டிஸ்க்குகளை ஒரே சேமிப்பிடமாக இணைக்கும் செஃப் என்ற மென்பொருள். அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா குரூஸ் வளாகத்தில் சேஜ் வைல் தன் முனைவர் பட்ட ஆய்வாகத் தொடங்கியது; 2006ல் அதைப் பற்றிய கட்டுரை வெளிவந்தது. திறந்த மூலம், உரிமக் கட்டணம் கிடையாது. ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வு மையம் 2013ல் 3 பெட்டாபைட், அதாவது ஏறக்குறைய 3,000 டெராபைட் (டிபி) அளவில் இதைத் தொடங்கியது. அங்கே ஓடும் அதே மென்பொருள்தான் நம் லேபில் நான்கு சிஸ்டத்திலும் ஓடும். இது நமக்கு எட்டாத துறை என்று எந்த மாணவரும் நினைக்க வேண்டாம். இதே துறையின் இன்னொரு முக்கிய மென்பொருளான குளஸ்டரை உருவாக்கிய ஏ.பி. பெரியசாமி, சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். குளஸ்டர் நிறுவனத்தை 2011ல் ரெட் ஹாட் என்ற அமெரிக்க மென்பொருள் நிறுவனம் வாங்கியது.

சரி, ஏன் நான்கு? மூன்று போதாதா என்று கொள்முதல் கமிட்டியில் கேட்பார்கள். செஃப் வழக்கமாக ஒவ்வொரு தரவையும் மூன்று நகலாக, மூன்று வெவ்வேறு சிஸ்டங்களில் வைக்கும். மூன்றே சிஸ்டம் இருந்து அதில் ஒன்று படுத்துவிட்டால், மீதி இரண்டில் வேலை நடக்கும். ஆனால் மூன்றாவது நகலை வைக்க இடம் இருக்காது. அந்த நிலையில் இன்னொன்றும் போனால் எழுதுவதும் படிப்பதும் நின்றுவிடும். நான்காவது இருந்தால்தான் கிளஸ்டர் தன்னைத்தானே சரிசெய்துகொள்வதை மாணவர்கள் கண்ணால் பார்க்க முடியும். நான்காவது சிஸ்டத்துக்கான பணம் முழுக்க அந்தப் பாடத்துக்காகத்தான்.

கொள்ளளவுக் கணக்கைத் தொடக்கத்திலேயே வெளிப்படையாகப் பேசிவிட வேண்டும். இல்லையென்றால் தணிக்கையில் கேள்வி வரும். ஒவ்வொரு சிஸ்டத்திலும் 1 டிபி டிஸ்க் என்று வைத்தால் மொத்தம் 4 டிபி. மூன்று நகல் என்பதால் 1.33 டிபிதான் மிஞ்சும். ஒரு சிஸ்டம் போனால் அதிலிருந்த நகல்களை மற்ற மூன்றும் தாங்க வேண்டும். அப்போது கையில் இருப்பது 3 டிபி, அதை மூன்றால் வகுத்தால் 1 டிபி. டிஸ்க் 85 சதவீதம் நிரம்பினாலே செஃப் எச்சரிக்கும், 95 சதவீதத்தில் எழுதுவதையே நிறுத்திவிடும். ஆக, நிம்மதியாகப் பயன்படுத்தக்கூடியது 850 ஜிபி. நான்கும் ஓடிக்கொண்டிருக்கும் சாதாரண நாளில் டிஸ்க் ஒவ்வொன்றும் 64 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அர்த்தம். 4 டிபிக்குப் பில் போட்டு 850 ஜிபி தருகிறார்களே என்று கணக்குப் பிரிவில் கேட்டால், இந்தக் கணக்கையே ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். மாணவர்களுக்கு இதைவிட நல்ல தேர்வுக் கேள்வியும் கிடையாது.

சிஸ்டத்துக்கு 16 ஜிபி ரேம் இருந்தால் நல்லது. ஒரு டிஸ்க்கைக் கவனிக்கும் நிரலே ஏறக்குறைய 4 ஜிபி எடுத்துக்கொள்ளும். இயங்குதளத்துக்குச் சின்னதாகத் தனி டிஸ்க் போடுங்கள். கிளஸ்டரின் நிலையைக் கண்காணிக்கும் மானிட்டர் நிரலை மூன்று சிஸ்டங்களில் மட்டும் வையுங்கள். பெரும்பான்மை இருந்தால்தான் அவை முடிவெடுக்கும். நான்கு வைத்தாலும் ஒன்றை இழக்கத்தான் தாங்கும், மூன்று வைத்தாலும் அதேதான்.

எஸ்எஸ்டி வாங்கும்போது மட்டும் கொட்டேஷனைக் கூர்ந்து பாருங்கள். மின்சாரம் போனாலும் கையிலிருக்கும் தரவை எழுதி முடிக்க உள்ளேயே கெப்பாசிட்டர் வைத்த எஸ்எஸ்டிகள் உண்டு. எழுதச் சொன்ன தரவு ஒவ்வொன்றும் உண்மையிலேயே டிஸ்க்கில் இறங்கிவிட்டதா என்று செஃப் உறுதி கேட்கும். கெப்பாசிட்டர் உள்ளது உடனே பதில் சொல்லும். லேப்டாப்புக்கு விற்கும் மலிவு எஸ்எஸ்டி, பெட்டியில் அச்சிட்ட வேகத்தின் பக்கத்தில்கூட வராது. விலை கூடுதல்தான், ஆனாலும் இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். பணம் இல்லையென்றால் சாதாரண ஹார்டு டிஸ்க்கே போதும்; மெதுவாக ஓடினாலும் பாடம் ஒன்றுதான்.

புது சிஸ்டத்துக்கே வழியில்லாத கல்லூரிகளும் கைவிட வேண்டியதில்லை. பழசு என்று கண்டம் பண்ணி ஸ்டோர் ரூமில் அடுக்கியிருக்கும் சிஸ்டங்களில் நான்கைத் தூசு தட்டி எடுங்கள். 8 ஜிபி ரேம் இருந்தால் தொடங்கிவிடலாம். முதல் வேலையாக மதர்போர்டில் இருக்கும் நாணய அளவு பேட்டரியை, சிஆர் 2032 என்று கடையில் கேட்டால் கொடுப்பார்கள், நான்கிலும் மாற்றிவிடுங்கள். இது சின்ன விஷயமாகத் தோன்றும். பேட்டரி செத்த சிஸ்டம், கரண்ட் போய் வந்தால் கடிகாரத்தைப் பல வருடம் பின்னால் கொண்டுபோய்விடும். மானிட்டர்களுக்கு நடுவே 0.05 விநாடிக்கு மேல் நேரம் பிசகினாலே செஃப் புகார் சொல்லத் தொடங்கும். நான்கும் ஒரே நேரத்தைப் பார்க்க குரோனி என்ற நேர ஒத்திசைவு நிரலை நிறுவுங்கள். நேரம் ஒத்துப்போவது எவ்வளவு பெரிய விஷயம் என்று எந்தப் புத்தகத்தைவிடவும் அந்த எச்சரிக்கை நன்றாகச் சொல்லிக்கொடுக்கும்.

கரண்ட் என்றதும் இன்னொன்று. மின்வாரியத்தின் பராமரிப்பு நாளில் பகல் முழுக்க மின்சாரம் இருக்காது என்று முன்கூட்டியே தெரியும். முதல் நாளே ‘நோஅவுட்’ என்ற கட்டளையைக் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு சிஸ்டமாக முறையாக அணைக்க மாணவர்களைப் பழக்கலாம். அந்தக் கட்டளை இல்லாவிட்டால், ஒரு சிஸ்டம் 10 நிமிடம் காணாமல் போனதுமே கிளஸ்டர் அதைக் கணக்கிலிருந்து நீக்கி, நகல்களை வேறு இடத்தில் உருவாக்க ஆரம்பித்துவிடும். சாதாரண கிகாபிட் ஸ்விட்ச்சில் 500 ஜிபியை ஒரு கேபிள் வழியாக நகர்த்த, முழு வேகத்தில் போனாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

எங்கள் லேபில் மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு நான் செய்யச் சொல்வது இதுதான். ஒருவர் பெரிய வீடியோ கோப்பு ஒன்றைக் கிளஸ்டரில் நகலெடுக்கத் தொடங்குவார். பாதியில் இன்னொருவர் எழுந்துபோய் இரண்டாவது சிஸ்டத்தின் பவர் கேபிளைப் பிடுங்குவார். நகலெடுப்பது அப்படியே நிற்கும். எல்லோரும் திரையையே பார்ப்பார்கள். மற்ற சிஸ்டங்கள் அந்த இரண்டாவது சிஸ்டத்தின் நாடித்துடிப்புக்காக, அதாவது ‘உயிரோடு இருக்கிறேன்’ என்ற சிக்னலுக்காக, 20 விநாடி காத்திருந்து, பதில் இல்லை என்று மானிட்டருக்குச் சொன்ன பிறகு, கோப்பு விட்ட இடத்திலிருந்து மறுபடி நகரும். திரையில் ‘ஹெல்த் வார்ன்’ என்று மஞ்சளில் வரும். 10 நிமிடம் கழித்து மறுசீரமைப்பு தொடங்கி, குறைபட்ட தரவின் சதவீதம் மெல்ல மெல்ல இறங்கும். முடிந்ததும் வீடியோவை ஓட்டிப் பார்ப்பார்கள், ஒரு பிரேம்கூடப் போயிருக்காது. அதுவரை பின் பெஞ்சில் சும்மா இருந்த பையன், ரெண்டு கேபிளைப் பிடுங்கினால் என்ன ஆகும் சார் என்று கேட்பான். பிடுங்கிப் பார் என்பேன். இந்தக் கேள்வி வருவதற்காகத்தான் நான் இவ்வளவு எழுதுகிறேன்.

ஒரே சிஸ்டத்துக்குள் நான்கு மெய்நிகர் கணினி உருவாக்கினால் இதையே செய்யலாமே என்று சிலர் கேட்கிறார்கள். கட்டளைகளைப் பழக அது போதும். ஆனால் நான்கும் ஒரே பவர் சப்ளையில், ஒரே டிஸ்க்கில் உட்கார்ந்திருக்கும்போது எதைப் பிடுங்கிக் காட்டுவது?

ஒரு எச்சரிக்கையும் அவசியம். மதிப்பெண் பதிவேடு, கட்டண விவரம் போன்ற கல்லூரியின் உண்மையான தரவை இந்தக் கிளஸ்டரில் வைக்க நிர்வாகங்கள் ஆசைப்படக் கூடாது. மூன்று நகல் இருப்பது பேக்கப் ஆகாது. ஒருவர் ஒரு கோப்பை அழித்தால் மூன்று இடத்திலும் அது அழிந்துவிடும். அதற்கு வேறு ஏற்பாடு வேண்டும். இது உடைத்துப் பார்ப்பதற்கான இடம் என்பதைக் கொள்முதல் கோப்பிலேயே ஒரு வரி எழுதி, முதல்வரின் கையெழுத்தை வாங்கி வைத்துவிடுங்கள். அப்போதுதான் எந்த மாணவர் எந்தக் கேபிளைப் பிடுங்கினாலும் லேப் உதவியாளரிடம் யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள்.

இப்படிக்கு,
கல்லூரி லேப் பொறுப்பாளர் ஒருவர்,
கோவில்பட்டி