ஹொட் டப்பை நீங்களே ஏற்றிப்போக நினைத்தால்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

பனி கரைந்து ஏப்ரல் பிறந்ததும் ஹொட் டப் (வெந்நீரில் அமர்ந்து குளிக்கும் பெரிய தொட்டி) வாங்கக் கடைக்கு வருகிறவர்கள், விலை பேசி முடித்த கையோடு ஒரு கேள்வி கேட்பார்கள்: "வீட்டுக்குக் கொண்டுவந்து தர இவ்வளவு காசா? நாங்களே ஏற்றிக்கொண்டு போனால் என்ன?" நியாயமான கேள்விதான். தாராளமாகக் கொண்டுபோகலாம். விநியோகக் கட்டணத்தை முழுதாகக் கழித்துவிடுவோம். எங்கள் களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் வைத்து ட்ரெயிலரில் ஏற்றியும் தருவோம். ஏற்றுவது நாங்கள், இறக்குவது நீங்கள். உங்கள் வீட்டில் ஃபோர்க்லிஃப்ட் இருக்காது. நெடுஞ்சாலை 401இல் ஓடும் தூரத்தில் பெரிய சிக்கல் வருவது குறைவு. ட்ரைவ்வேயிலிருந்து பின்வளவுக்குப் போகிற அறுபது அடியில்தான் வேலை குழம்புகிறது. அதனால் அந்த அறுபது அடியிலிருந்தே தொடங்குகிறோம். அது சரிவந்தால் மட்டும் மீதியைப் படியுங்கள்.

ஆறு பேர் இருக்கக்கூடிய சாதாரண டப் 7 அடிக்கு 7 அடி, உயரம் 3 அடி. வெறுமையாக 350 முதல் 400 கிலோ. படுத்தவாக்கில் எந்தப் படலைக்குள்ளும் போகாது, நிமிர்த்தித்தான் கொண்டுபோக வேண்டும். நிமிர்த்தி டொலியில் (பாரம் வைத்துத் தள்ளும் சில்லுப் பலகையில்) வைத்தால் அகலம் 3 அடி, உயரம் ஏழரை அடி. ஆகவே வழி முழுக்கக் குறைந்தது 40 அங்குல அகலமும் 8 அடி உயரமும் தடையின்றி இருக்க வேண்டும். ரொறன்ரோப் பகுதியின் ஸ்காபரோ, மார்க்கம் பக்கத்து வீடுகள் பலவற்றில் பக்கவழி 4 அடி, அதாவது 48 அங்குலம். அது போதும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். அந்த 4 அடிக்குள் காஸ் மீற்றர் ஓர் அடி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். மீதி 36 அங்குலம். டப்பும் 36 அங்குலம். கை வைக்கக்கூட இடமில்லை. அந்த இடத்தில் உரசக்கூடாத ஒரே பொருளும் காஸ் மீற்றர்தான்.

ஏசிப் பெட்டி, பீலியிலிருந்து இறங்கும் குழாய், ட்ரையரின் புகைவாய், படலையின் கொண்டி எல்லாவற்றையும் அளந்து எழுதுங்கள். நிலக்கீழ் அறை ஜன்னலுக்கு முன்னால் உள்ள பள்ளத்தை மூடியிருக்கும் பிளாஸ்டிக் மூடி எந்தப் பாரத்தையும் தாங்காது. பிறகு 3 அடிக்கு 7 அடி அளவில் ஒரு கார்ட்போர்ட் மட்டையை வெட்டி, இரண்டு பேர் இரண்டு முனையையும் பிடித்துத் தரைக்குச் சமாந்தரமாகக் கொண்டு நடந்து பாருங்கள். நேர்வழியில் போகிற மட்டை, வீட்டு மூலையில் திரும்பும்போது வேலியிலோ டெக் படியிலோ முட்டுகிறதா? மட்டை முட்டினால் டப்பும் முட்டும். அப்படியான வீடுகளுக்குக் கிரேன் வைத்துக் கூரைக்கு மேலால் இறக்குவதே வழி. அந்த நிலையில் தயவுசெய்து எங்களிடம் விட்டுவிடுங்கள்.

அடுத்தது இழுக்கும் வாகனம். டப் 400 கிலோ, வெறும் ட்ரெயிலர் ஏறக்குறைய 500 கிலோ, ஆக 900. டொயோட்டா சியன்னா போன்ற மினிவான் 3,500 இறாத்தல், அதாவது 1,588 கிலோ வரை இழுக்கும். ஆனால் சிறிய எஸ்யூவிகள் பலவற்றுக்கு எல்லை 1,500 இறாத்தல்தான், 680 கிலோ. உங்கள் வாகனத்தின் கைநூலில் எண் இருக்கும், அதைப் பாருங்கள்; பக்கத்து வீட்டுக்காரர் இழுத்தார் என்பது கணக்கல்ல. வாகனத்தின் பின்னால் ட்ரெயிலரைப் பூட்டும் ஹிட்ச்சின் தரத்தையும் பாருங்கள். கிளாஸ் 1 என்றால் 2,000 இறாத்தல், அதாவது 907 கிலோவோடு சரி. இந்தப் பாரத்துக்கு அது விளிம்பில் நிற்கிறது. கிளாஸ் 2 அல்லது 3 வேண்டும். ஒன்ராறியோவில் ட்ரெயிலரும் பாரமும் சேர்ந்து 1,360 கிலோவை எட்டினால் ட்ரெயிலருக்குத் தனி பிரேக் கட்டாயம். ட்ரெயிலருக்கு இலக்கத் தகடும், ஹிட்ச்சைத் தவிர இன்னொரு பிணைப்பாகச் சங்கிலியும் வேண்டும்.

ஹிட்ச் குண்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கப்ளர் என்பது ட்ரெயிலரின் மூக்கில் இருந்து அந்தக் குண்டைக் கவ்விப் பூட்டும் பகுதி. 2 அங்குலக் கப்ளருக்குள் ஒன்றே முக்கால் அரைக்கால், அதாவது 1⅞ அங்குலக் குண்டும் போய் உட்கார்ந்துவிடும். பூட்டும் விழும். பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். ரயில் கடவையிலோ ஒரு குழியிலோ துள்ளும்போது கப்ளர் கழன்று எழும்பிவிடும். குண்டின் தலையில் அளவு பொறித்திருக்கும், கப்ளரிலும் இருக்கும். இரண்டும் ஒன்றா என்று கண்ணால் வாசியுங்கள். பூட்டிய பிறகு ட்ரெயிலரின் முன் ஜாக்கைச் சுற்றி ஓர் அங்குலம் உயர்த்துங்கள். வாகனத்தின் பின்பக்கமும் சேர்ந்து எழும்பினால் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். சங்கிலிகளைக் குறுக்காகப் போடுங்கள். தப்பித்தவறிக் கழன்றாலும் ட்ரெயிலரின் மூக்கு தார் ரோட்டில் குத்தாமல் சங்கிலித் தொட்டிலில் தங்கும்.

ட்ரெயிலரில் இரண்டு வகை எங்களிடம் அடிக்கடி வரும். சில்லுகளுக்கு மேலே தட்டு உள்ள அகலமானது ஒன்று. அதில் டப்பைப் படுக்கவைக்கலாம். 7 அடி என்பது 2.13 மீற்றர், சட்ட எல்லையான 2.6 மீற்றருக்குள் அடங்கும். காற்றுக்கும் நல்லது. ஆனால் தட்டு ஏறக்குறைய 3 அடி உயரத்தில் இருக்கும், வீட்டில் இறக்குவது பெரும்பாடு. மற்றது, புல்வெட்டுகிறவர்கள் வைத்திருக்கும் தாழ்வான, பின்கதவு சாய்வுப்பாதையாகத் திறக்கிற ட்ரெயிலர். இதில் சில்லுக் காப்புகளுக்கு நடுவே 82 அங்குலம் இருந்தாலும் 84 அங்குல டப் படுக்காது, நிமிர்த்தியே கட்ட வேண்டும். சொந்தமாக இறக்குகிறவர்களுக்கு நாங்கள் பரிந்துரைப்பது இந்தத் தாழ்வானதைத்தான்.

நிமிர்த்தும்போது பம்பும் ஹீற்றரும் உள்ள பக்கம் கீழே வரக்கூடாது. எந்தப் பக்கத்தில் நிறுத்தலாம் என்று ஒவ்வொரு டப்பின் கைநூலிலும் போட்டிருக்கும். ஏற்றும்போது நாங்கள் அந்தப் பக்கத்தில் சோக்கட்டியால் குறியிட்டுத் தருகிறோம். பாரத்தில் ஏறக்குறைய 60 வீதம் ட்ரெயிலர் அச்சுக்கு முன்னால் விழும்படி வைக்க வேண்டும். அப்போதுதான் ஹிட்ச்சில் மொத்தப் பாரத்தின் 10 முதல் 15 வீதம் அமர்ந்திருக்கும். பின்பாரம் கூடினால் மணிக்கு 80 கிலோமீற்றரில் போகும்போதே ட்ரெயிலர் பாம்பு போல நெளியத் தொடங்கும்.

கட்டுவதற்கு 2 அங்குல ரட்செட் பட்டி (பிடியை ஆட்டி இறுக்கும் பட்டி) நான்கு வேண்டும். டொலர் கடையில் வாங்கும் ஓர் அங்குலப் பட்டி வேண்டாம். பட்டியின் லேபிளில் பாவனைச் சுமை எல்லை அச்சிட்டிருக்கும். லேபிள் இல்லாததை எடுக்காதீர்கள். இரண்டு பட்டி மேலால் குறுக்கே, மற்ற இரண்டும் முன்னும் பின்னும் நகராதபடி. அக்ரிலிக் விளிம்பில் பட்டி நேரடியாகப் பட்டால் இறுக்கும்போதே மயிர்வெடிப்பு விழும், ஆகவே ஒவ்வொரு மூலையிலும் மூலைக் காப்பும் மடித்த கம்பளியும் வையுங்கள். பக்கப் பலகையிலோ குழாயிலோ கொழுக்கி மாட்டக்கூடாது. அடியைச் சுற்றி ட்ரெயிலரின் மரத்தட்டில் 2x4 மரத்துண்டுகளைத் திருகி அறைந்தால் டப் வழுக்காது. டப்பின் மூடியைத் தனியாக வேறு வாகனத்தில் கொண்டுபோங்கள். காற்று முதலில் பிய்ப்பது அதைத்தான். ஃபில்டர், தலையணை போன்றவையும் அப்படியே.

ஓடும்போது 80ஐத் தாண்டாதீர்கள். நிமிர்ந்த டப் பக்கக் காற்றுக்கு 49 சதுர அடிப் பாய்மரம். காற்றடிக்கும் நாளில் வரவேண்டாம், நாள் மாற்றித் தருகிறோம். புறப்பட்டுப் பத்து கிலோமீற்றரில் ஒருமுறை நிறுத்திப் பட்டிகளைத் திரும்ப இறுக்குங்கள். பக்கப் பலகைகள் அமுங்கி, முதலில் விறைப்பாக இருந்த பட்டி தளர்ந்திருப்பதைக் கையால் தட்டியே உணரலாம். மொத்த உயரம் ஏறக்குறைய 9 அடி வரும் என்பதால் வழியில் கோப்பிக் கடை ட்ரைவ்-த்ரூவுக்குள் திரும்பிவிடாதீர்கள்.

இறக்குவதற்கு ஆறு பேர் வேண்டும். 400 கிலோவை ஆறு பேர் அந்தரத்தில் தூக்க முடியாது, தூக்கவும் வேண்டாம். ஒரு விளிம்பை மட்டும் நிமிர்த்தும்போது பாதிப் பாரம்தான் கைக்கு வரும். அது 200 கிலோ. நான்கு பேர் பிடித்தால் தலைக்கு 50. மற்ற இருவர் எதிர்ப்பக்கம் சரியாமல் தாங்குவார்கள். 1,000 இறாத்தல் தாங்கும் டொலி இரண்டு எடுங்கள். ட்ரெயிலரின் சாய்வுக்கதவு கம்பிவலையாக இருந்தால் டொலிச் சில்லு அதில் சிக்கும், அதன்மேல் முக்கால் அங்குல பிளைவுட் விரியுங்கள். ஒரு பட்டியை ட்ரெயிலரில் கட்டி டப்பைச் சுற்றிப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக விட்டு இறக்குங்கள். சரிவின் கீழ்ப்பக்கத்தில் ஒருவரும் நிற்கக்கூடாது. "நான் பிடிக்கிறேன்" என்று முன்வருகிற மச்சானையும் விலகச் சொல்லுங்கள்.

புல்லில் மூன்று பிளைவுட் பலகை போதும். இரண்டில் டப் நிற்க, பின்னால் விட்டதை எடுத்து முன்னால் போடுங்கள். ஏப்ரல் மண் ஈரமாக இருக்கும், பலகை இல்லாவிட்டால் டொலி அச்சுவரை புதையும். கொங்கிறீற் தளத்துக்கு வந்ததும் படுக்கவைத்து, அடியில் 3 அங்குல பிவிசி குழாய்த் துண்டுகளை உருளையாக விட்டுத் தள்ளினால் இருவரே சரியான இடத்துக்கு நகர்த்தலாம். டெக் மேல் வைக்க நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு: தண்ணீர் 1,400 லீற்றர், ஆட்கள் ஆறு பேர், டப் எல்லாம் சேர்ந்து 2,200 கிலோவைத் தாண்டும், சதுர மீற்றருக்கு 480 கிலோவுக்கு மேல். சாதாரண வீட்டு டெக் அதற்குக் கட்டப்பட்டதல்ல.

வேறொருவர் வீட்டிலிருந்து பழைய டப் வாங்கி எடுத்துவருகிறவர்கள் பிரேக்கரை நிறுத்தி, உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரரைக் கொண்டு கம்பியைக் கழற்றுவியுங்கள். அது 240 வோல்ட். தண்ணீரை வீதி வடிகாலில் விடாதீர்கள். அது சுத்திகரிக்கப்படாமல் ஓடைக்கும் ஒன்ராறியோ ஏரிக்கும் போகிறது. வீட்டுக்குள் இருக்கும் தரை வடிகாலில் விடுங்கள். டப் காலியானாலும் குழாய்களுக்குள் பல லீற்றர் நிற்கும். ஈரத்தை இழுக்கும் வக்யூமை, தண்ணீர் பீய்ச்சும் ஒவ்வொரு ஜெட்டிலும் வைத்து உறிஞ்சி, பம்பின் அடி அடைப்பையும் திறந்துவிடுங்கள். உறைகுளிரில் மிஞ்சிய தண்ணீர் பனிக்கட்டியாகி பம்ப் கூட்டைப் பிளந்துவிடும். நீண்டகாலம் ஒழுகிய டப் என்றால் நுரைக்காப்பு தண்ணீர் குடித்து, புத்தகத்தில் போட்டதைவிட மிகக் கனக்கும்.

வைத்து முடித்ததும் மின்சாரத்தைப் போடாதீர்கள். வெறும் டப்பில் ஹீற்றரும் பம்பின் சீலும் நிமிடங்களில் போய்விடும். வழிக் குலுக்கலில் பம்பின் இணைப்பு வளையங்கள் தளர்ந்திருக்கும்; கையால் இறுக்கி, பக்கப் பலகையைத் திறந்தபடியே தண்ணீர் நிரப்பி ஒழுக்குப் பாருங்கள். குழாயை ஃபில்டர் குழிக்குள் விட்டு நிரப்பினால் பம்பில் காற்று அடைபடாது. புதிய மின் இணைப்புக்கு ஈஎஸ்ஏ (ஒன்ராறியோவின் மின் பாதுகாப்பு அதிகாரசபை) அறிவித்தலும் பரிசோதனையும் உண்டு. அதை உங்கள் ஒப்பந்தக்காரர் பார்த்துக்கொள்வார்.

களஞ்சியத்தை விட்டு வெளிக்கிடும்போது நான்கு பக்கமும் உங்கள் கைபேசியில் படம் எடுங்கள், நாங்களும் எடுப்போம். எங்கள் களஞ்சியப் படலையைத் தாண்டிய பிறகு விழும் கீறலும் வெடிப்பும் உற்பத்தியாளர் உத்தரவாதத்தில் அடங்காது. பட்டி, டொலி, மூலைக் காப்பு எதுவும் உங்களிடம் இல்லாவிட்டால் முதல் நாளே சொல்லுங்கள், இரவலாகத் தருகிறோம். பக்கவழியின் அளவுகளையும் நான்கைந்து படங்களையும் கடைக்குக் கொண்டுவந்தால், நீங்களே கொண்டுபோகக்கூடிய வழியா என்று வாங்குவதற்கு முன்பே பார்த்துச் சொல்லிவிடுவோம்.

அன்புடன்,
விற்பனை, விநியோகப் பிரிவினர்